பதினெட்டு பைட்டில் ஒரு புதிர்ப்பாதை

கமடோர் 64-ஐ இயக்கியதும் நீலத் திரையில் 38911 பைட் காலியாக இருக்கிறது என்று வரும். 1982-இல் அது தாராளமான இடம். அந்தக் கணினிக்கு இன்றும் நிரல் எழுதுகிறவர்களில் ஒரு சாரார் அந்த 38911-ஐக் கண்டுகொள்வதே இல்லை. ஒரே வேலையை இன்னும் ஒரு பைட் குறைத்துச் செய்ய முடியுமா என்பதுதான் அவர்களுடைய பந்தயம். இதில் கணக்குத் திறமையைவிட, இயந்திரத்துக்குள் ஏற்கெனவே என்னென்ன கிடக்கிறது என்று தெரிந்திருப்பதே அதிகம் உதவும்.

எல்லோரும் தொடங்கும் இடம் இந்த ஒற்றை வரி. பேசிக் என்ற நிரல்மொழியின் சொற்களை உச்சரிப்பாகத் தருகிறோம்:

10 பிரிண்ட் சிஎச்ஆர்$(205.5+ஆர்என்டி(1)); : கோடூ 10

கமடோரின் எழுத்துத் தொகுப்பில் 205-ம் 206-ம் இரண்டு சாய்கோடுகள். ஒன்று இடப்பக்கம் சாயும், மற்றது வலப்பக்கம். ஆர்என்டி(1) தருவது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண். அதோடு 205.5-ஐக் கூட்டி, புள்ளிக்குப் பின்னுள்ளதை வெட்டினால் பாதி நேரம் 205, பாதி நேரம் 206. திரை நிறைய நிறைய, சுவர்களும் சந்துகளுமாக ஒரு புதிர்ப்பாதை விரியும். (இயந்திரத்தை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் அதே பாதைதான் வரும். ஆர்என்டி(1) எப்போதும் ஒரே விதை எண்ணிலிருந்து கிளம்புகிறது.)

இந்த வரி வட்டில் எத்தனை பைட்? பேசிக் சொல் ஒவ்வொன்றும் நினைவகத்தில் எழுத்தெழுத்தாக இருப்பதில்லை, ஒரே பைட் டோக்கனாகச் சுருங்கிவிடும். பிரிண்ட் என்றால் 153, கோடூ 137, சிஎச்ஆர்$ 199, ஆர்என்டி 187. பிரிண்ட்டுக்குப் பதில் கேள்விக்குறி போட்டால் இடம் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். கேள்விக்குறியும் அதே 153 ஆகத்தான் மாறும். மிச்சமாவது தட்டச்சு செய்யும் விரலுக்கு மட்டும். எண்கள், அடைப்புக்குறிகள், இடைவெளிகள் ஆகியவை எழுத்துக்கு ஒரு பைட். வரியின் தலையில் அடுத்த வரியின் முகவரிக்கு 2, வரி எண்ணுக்கு 2. வரி முடிவில் ஒரு 0, நிரல் முடிவில் இரண்டு 0. கோப்பின் முதல் 2 பைட், எங்கே ஏற்ற வேண்டும் என்ற முகவரி. எல்லாம் கூட்டினால் 32.

நான்கு இடைவெளிகளையும் நீக்கினால் 28. அடுத்து "கோடூ10" என்ற 3 பைட்டைத் தூக்கிவிட்டு ரன் என்று எழுதலாம். ரன் 138 என்ற ஒற்றை டோக்கன். நிரலை முதலிலிருந்து ஓட்டும். மாறிகளை அழித்துவிடும் என்றாலும் இங்கே மாறியே இல்லை. ஆர்என்டியின் விதை எண்ணை அது தொடாது என்பதால் பாதை தொடர்ந்து புதிதாகவே வரும். இப்போது 26 பைட். பேசிக்கில் இதற்குக் கீழே போவது கடினம்.

இந்தக் கணக்கு இயந்திரத்துக்கு இயந்திரம் தலைகீழாகும். 1981-இல் வந்த சிங்க்ளேர் இசட்எக்ஸ்81-இல் நினைவகமே 1024 பைட்; அதில் 125 பைட்டை அமைப்பு மாறிகள் எடுத்துக்கொள்ளும். அதன் பேசிக், நிரலில் வரும் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை எழுதிவைக்கும்: கண்ணுக்குத் தெரியும் இலக்கங்கள் ஒரு முறை, கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாள பைட்டும் கணக்கிடுவதற்கான 5 பைட் இரும வடிவமும் இன்னொரு முறை. வெறும் 0 என்று எழுதினால் 7 பைட் போயிற்று! அதனால் அங்கே 0-க்கு "நாட் பை" என்று எழுதுவார்கள். பை என்பது 3.14 என்கிற π. அது பூஜ்யமல்ல, ஆகவே நாட் போட்டால் 0. இரண்டு டோக்கன், 2 பைட். 1-க்கு "எஸ்ஜிஎன் பை" (நேர் எண் என்றால் 1), 3-க்கு "இன்ட் பை" (முழு எண் பகுதி மட்டும்). 10 வேண்டுமென்றால் மேற்கோளுக்குள் போட்டு, எழுத்தை எண்ணாக்கும் வால் என்ற சொல்லோடு வால் "10" என்று எழுதினால் 8 பைட் 5 ஆகும். திரையும் அதே 1024-க்குள்தான். வெற்றுத் திரை 25 பைட், எழுத எழுத வீங்கும். அதாவது திரையில் வரும் ஒவ்வோர் எழுத்தும் நிரலின் இடத்தைத் தின்கிறது. இந்த நெருக்கடிக்குள் டேவிட் ஹார்ன் 672 பைட்டில் சதுரங்கம் ஆடும் நிரலை எழுதினார். ராஜாவும் யானையும் இடம் மாறும் கோட்டை கட்டுதல் அதில் இல்லை, சிப்பாய் ராணியாவதும் இல்லை. ஆனால் எதிராளியாக உட்கார்ந்து ஆடும்.

கமடோருக்குத் திரும்புவோம். பேசிக்கை விட்டு, செயலி நேரடியாகப் படிக்கும் எண்களான இயந்திர மொழிக்கு வந்தால், முதலில் ஒரு சின்னப் பயிற்சி: திரையின் பார்டர் நிறத்தை ஓயாமல் மாற்றுவது. பார்டர் நிறம் 53280 என்ற முகவரியில் இருக்கிறது. ஒன்றைக் கூட்டு, திரும்பப் போ:

238 32 208 76 0 192

238 என்பது ஐஎன்சி, குறித்த முகவரியில் இருப்பதோடு 1 கூட்டும். 32-ம் 208-ம் அந்த முகவரி; கீழ்ப்பகுதி முதலில் வரும், 208×256+32 = 53280. 76 என்பது ஜேஎம்பி, நிரலை வைத்திருக்கும் இடமான 49152-க்குத் தாவும். மொத்தம் 6 பைட். ஜேஎம்பி 3 பைட் கேட்கிறது, நிபந்தனைத் தாவலுக்கோ 2 போதும். எத்தனை பைட் பின்னால் போக வேண்டும் என்று மட்டும் சொன்னால் சரி. அப்படியானால் எப்போதும் உண்மையாகவே இருக்கும் ஒரு நிபந்தனை வேண்டும்.

பூஜ்யமில்லாவிட்டால் தாவு என்கிற பிஎன்இ-யைத்தான் புதியவர்கள் முதலில் போடுவார்கள். நிரல் ஒரு கணத்தில் நின்றுவிடும். 53280-இல் கீழ் 4 பிட்டுக்கு மட்டுமே வன்பொருள் இருக்கிறது. மேல் 4 பிட் படிக்கும்போது எப்போதும் 1 என்றே வரும். ஆகவே அங்கே படிப்பது 240 முதல் 255 வரை. 255-இல் ஒன்று கூட்டினால் 0. பதினாறு நிறத்துக்கு ஒரு முறை தாவல் தவறி, செயலி அடுத்த பைட்டில் கிடக்கும் குப்பைக்குள் போய் விழும்.

சரியான விடை பிசிசி, அதாவது கேரி பிட் (கூட்டலில் மிஞ்சுவதைச் செயலி குறித்துவைக்கும் இடம்) 0 என்றால் தாவு. ஐஎன்சி கேரியைத் தொடுவதே இல்லை. ஆனால் அது தொடக்கத்திலேயே 0 என்று யார் உத்தரவாதம்? பேசிக்கிலிருந்து இயந்திர மொழி நிரலை ஓட்டும் சிஸ் கட்டளைதான். இயந்திர மொழிக்குள் நுழையும் முன் அது 780 முதல் 783 வரையுள்ள நான்கு பைட்டை எடுத்துச் செயலியின் பதிவேடுகளில் நிரப்புகிறது. நான்காவது, 783, கேரி உள்ளிட்ட கொடிகளுக்கானது. இயந்திரத்தை இயக்கியதும் அந்தப் பகுதி முழுக்க 0 ஆக்கப்படும். ஆக:

238 32 208 144 251

5 பைட். 251 என்பது 256-5, ஐந்து பைட் பின்னே. சிக்கல் எங்கே என்றால், இதற்கு முன் வேறொரு சிஸ் ஓடி, கேரி 1 ஆகத் திரும்பியிருந்தால் 783-இல் அது தங்கிவிடும், தாவல் நடக்காது. "காலையில் ஓடியது, மதியம் ஓடவில்லை" என்ற புகாரில் பாதி இந்த வகைதான். சந்தேகமிருந்தால் போக் 783,0 என்று அங்கே 0-ஐ எழுதிவிடலாம்.

இனி புதிர்ப்பாதை:

78 18 208
169 204
105 1
32 210 255
144 244

முதல் வரி எல்எஸ்ஆர் 53266. திரையில் மின்கற்றை இப்போது எத்தனையாவது கோட்டில் ஓடுகிறது என்பதை 53266 சொல்லும். எல்எஸ்ஆர் அந்த எண்ணை ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்தும். கடைசி பிட் கேரிக்குள் வந்து விழும். நமக்கு வேண்டியது அந்த ஒரு பிட்தான். படித்துவிட்டுப் பிறகு நகர்த்த 4 பைட் ஆகும், முகவரியின் மீதே நகர்த்தினால் 3. ஆனால் எல்எஸ்ஆர் படிப்பதோடு நிற்காமல் திரும்ப எழுதவும் செய்யும். 53266-இல் எழுதினால் எந்தக் கோட்டில் குறுக்கீடு வர வேண்டும் என்பது மாறும். அந்தக் குறுக்கீடு இயல்பில் அணைந்திருப்பதால் பாதகமில்லை. வேறு முகவரியில் இதே வித்தையைச் செய்யும்முன் இந்த எழுத்து எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து 204-ஐ ஏற்றி, ஏடிசி-யால் 1-ஐயும் கேரியையும் கூட்டினால் 205 அல்லது 206. பிறகு 65490-இல், ரோம் என்ற அழியாத நினைவகத்தில் உள்ள துணைநிரலை ஜேஎஸ்ஆர் (32) கட்டளையால் அழைக்கிறோம். அது எழுத்தைத் திரையில் போட்டு, திரும்பும்போது கேரியை 0 ஆக்கிவிட்டு வரும். ஆகவே பிசிசி எப்போதும் தாவும். 244 என்பது 12 பைட் பின்னே. மொத்தம் 12 பைட். முன்பு சொன்ன 783 தொல்லையும் இங்கே இல்லை, கேரியை ஒவ்வொரு சுற்றிலும் நாமே புதிதாகப் பெறுகிறோம்.

சோதித்துப் பார்க்க இரண்டு பேசிக் வரி போதும்:

10 ஃபார் ஐ=0 டு 11:ரீட் ஏ:போக் 49152+ஐ,ஏ:நெக்ஸ்ட்:சிஸ் 49152
20 டேட்டா 78,18,208,169,204,105,1,32,210,255,144,244

நிறுத்த ரன்/ஸ்டாப்பை அழுத்திக்கொண்டு ரெஸ்டோர் விசையைத் தட்ட வேண்டும்.

ஆனால் வட்டிலிருந்து ஏற்றி ரன் என்று ஓட்டும் கோப்பாக வேண்டுமென்றால் முன்னால் ஒரு பேசிக் வரி தேவை: "சிஸ்2061". அது ஏற்று முகவரியையும் சேர்த்து 14 பைட். 14+12=26. இவ்வளவு பாடுபட்டும் பேசிக் வரியின் அதே அளவு!

எங்கே வெட்டலாம்? நம் நிரல் பேசிக்குக்குத் திரும்பப் போவதில்லை. அப்படியென்றால் வரியை முடிக்கும் 0-ம், நிரலை முடிக்கும் இரண்டு 0-ம் எதற்கு? அவற்றை நீக்கி, இலக்கங்களை ஒட்டியே இயந்திர மொழியை வைக்கலாம். தொடக்கம் 2058 ஆகும், கோப்பு 23 பைட். சிஸ் இலக்கங்களைப் படித்துக்கொண்டே போய், எண்ணாக இல்லாத முதல் பைட்டில் நிற்கும். அந்த பைட் 48 முதல் 57 வரை இருந்தால் இன்னொரு இலக்கம் என்று எடுத்துக்கொள்ளும். 170 முதல் 179 வரை இருந்தால் கூட்டல், கழித்தல் போன்ற குறி என்று நினைக்கும். நம்முடையது 78, தப்பித்தது.

கூட்டலில் 205-உடன் 0 என்று எழுதாமல் 204-உடன் 1 என்று எழுதியதற்குக் காரணமும் இங்கேதான். வட்டிலிருந்து ஏற்றி முடித்ததும் பேசிக் தன் வரிகளின் சங்கிலியைப் புதிதாகக் கோக்கும். 0 பைட்டைத் தேடிப் போய், அதற்கு அடுத்ததிலிருந்து புது வரி தொடங்குகிறது என்று கருதி, அங்கே 2 பைட் முகவரியை எழுதும். நிரலின் நடுவில் ஒரு 0 இருந்தால் அதையடுத்த ஜேஎஸ்ஆர் கட்டளை அழிந்துபோகும். கையால் போக் செய்தபோது ஓடியது, வட்டிலிருந்து ஏற்றினால் சாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. 0 இல்லாவிட்டாலும் முழு நிம்மதி கிடையாது: தேடல் நம் நிரலைத் தாண்டி, நினைவகத்தில் முன்பு கிடந்த மிச்சத்துக்குள் போகும். இப்போதுதான் இயக்கிய இயந்திரத்தில் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். வேறு நிரல் ஓடிய பிறகு ஏற்றினால் சொல்ல முடியாது.

பேசிக் வரியே வேண்டாம் என்றால் இன்னும் துணிச்சலான வழி இருக்கிறது. எழுத்தைத் திரையில் போடும் ரோம் துணைநிரல், வேலையைத் தொடங்கும் முன் 806, 807 ஆகிய இரண்டு பைட்டில் உள்ள முகவரிக்குத் தாவும். ஏற்றி முடிந்ததும் கணினி ரெடி என்று எழுதும் அல்லவா? அந்த முதல் எழுத்தைப் போடப் போகும்போது நாம் மறிக்கலாம். கோப்பு நேராக 806-இல் வந்து ஏறும்படி செய்தால் போதும்:

38 3
42 3
237 246
78 18 208 169 204 105 1 32 202 241 144 244

38 3 என்பது 806. 42 3 என்பது 810, நம் நிரலின் தொடக்கம். இடையிலுள்ள 237 246-ஐத் தொடக்கூடாது. அது ரன்/ஸ்டாப் விசையைச் சோதிக்கும் துணைநிரலின் முகவரி. வட்டிலிருந்து ஒவ்வொரு பைட் வரும்போதும் கணினி அதை அழைக்கிறது. வேறு எதையாவது அங்கே வைத்தால் கோப்பு ஏறி முடியும் முன்பே இயந்திரம் உறைந்துவிடும். ஆகவே பழைய மதிப்பையே திரும்ப எழுதுகிறோம். இன்னொரு மாற்றம், 210 255 இருந்த இடத்தில் 202 241, அதாவது 61898. பழைய முகவரியை அழைத்தால் அது நம்மிடமே தாவித் திரும்பும், திரையில் ஓர் எழுத்தும் வராது. 61898 என்பது அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கும் உண்மையான துணைநிரல்.

18 பைட். இதை வட்டில் எழுத ஓபன் 1,8,2,"எம்,பி,டபிள்யூ" என்று திறந்து, 18 எண்களையும் பிரிண்ட்#1,சிஎச்ஆர்$(ஏ); என்று அனுப்பி, குளோஸ் 1 என்று மூட வேண்டும். அந்த அரைப்புள்ளியை மறந்தால் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு 13 ஒட்டிக்கொள்ளும். ஏற்றும்போது கடைசியில் ,8,1 வேண்டும். வெறும் ,8 என்றால் கோப்பு 806-ஐ விட்டு 2049-க்குப் போய்விடும். (கமடோரின் 1541 வட்டு இயக்கி எந்தக் கோப்புக்கும் குறைந்தது ஒரு முழு பிளாக் ஒதுக்கும், 256 பைட். நம் பதினெட்டும் அதில் காலாட்டிக்கொண்டு கிடக்கும்.)

ஓடவிட்டால் ஒரு குறை கண்ணில் படும். பாதை பேசிக் வரைந்ததைப்போல் கலைந்திருக்காது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், மின்கற்றையின் ஒற்றை-இரட்டையும் ஓர் ஒழுங்கில் வந்துபோகும். வரிவரியாக ஒரு கோலம் தலைகாட்டும். அதைக் கலைக்க ஒலிச் சில்லின் மூன்றாவது குரலை இரைச்சலாக ஓடவிட்டு, அதன் அலையை 54299-இல் படிக்கலாம். 78 18 208 இருந்த இடத்தில் 78 27 212. அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை ஓடும்படி 169 128 141 18 212 141 15 212. பாதை நன்றாகக் கலைந்துவிடும். கூடுதலாக 8 பைட், மொத்தம் 26. பேசிக் வரியும் அதேதான். அதில் ஆர்என்டி இலவசம்.