ஒரே கட்டத்துல அழிச்சு அழிச்சு எழுதாதீங்க

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு தஞ்சாவூர்லேர்ந்து ஒரு டூட்டி டாக்டர் போன் பண்ணாங்க. சம்பா வயல்ல களை எடுக்கப் போனவர கண்ணாடி விரியன் கடிச்சிருக்கு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரில விஷமுறிவு ஊசி போட்டு இங்க அனுப்பிட்டாங்க. கூட வந்த பிரிண்ட்ல ஒரே வரி, "20 நிமிட உறைதல்: உறையவில்லை". ரத்தத்த கண்ணாடிக் குழாய்ல 20 நிமிஷம் வச்சு உறையுதான்னு பாக்கற டெஸ்ட் அது, உறையலைன்னா விஷம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

எப்ப எடுத்தது? ஊசிக்கு முன்னாடின்னா அது எதிர்பாத்ததுதான். ஊசி போட்டு 6 மணி நேரம் கழிச்சும் உறையலைன்னா திரும்ப ஊசி போடணும். இந்த வித்தியாசம்தான் உயிரு, பிரிண்ட்ல அது இல்ல. நேரம்னு இருந்தது பில் போட்ட நேரம்.

அந்த பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் நான் எழுதினது இல்ல, டேட்டாவ வேற சிஸ்டத்துக்கு மாத்தற வேலை என்கிட்ட இருந்ததால கூப்ட்டாங்க. திறந்து பாத்தா டெஸ்ட்டுக்கு ஒரே ஃபீல்ட், ரெண்டாவது ரிசல்ட் வந்ததும் முதல் ரிசல்ட் போயிடும். கடைசில அந்த ஊர் ஸ்டாஃப் நர்ஸக்கா தன்னோட நோட்டப் பாத்து போன்ல படிச்சாங்க, காலைல 9.10 உறையல, ஊசி மருந்து 10 குப்பி, மதியம் 3.40 உறையல, மறுபடி ஊசி. பேனாவால எழுதின நோட்டுல இருந்தது கம்ப்யூட்டர்ல இல்ல. இந்த வருஷத்துல இது எனக்கு மூணாவது கேஸ், அதான் எழுதறேன்.

ஓப்பன் ஈஎச்ஆர்னு (openEHR) ஒரு பொது ஸ்டாண்டர்ட் இருக்கு, ஈஎச்ஆர்னா கம்ப்யூட்டர்ல வைக்கற நோயாளிப் பதிவு, அத எப்படிச் சேமிக்கணும்னு சொல்றது. அதுல இந்தப் பிரச்சனையே வராது. அப்சர்வேஷன்னாலே, அதாவது அளந்து பாத்து எழுதற பதிவுன்னாலே, அதுக்குள்ள ஹிஸ்டரி இருக்கும், ஒவ்வொரு அளவும் தன்னோட நேரத்தோட தனி ஈவென்ட்டா உக்காரும். திருத்தினாலும் பழசு அழியாது, புது வெர்ஷனாத்தான் சேரும். உறைதல் டெஸ்ட்டுக்குன்னு தனியா ஒண்ணு உருவாக்கக்கூட வேண்டாம், ஏற்கனவே இருக்கற லேப் டெஸ்ட் ரிசல்ட் ஆர்க்கிடைப்பே போதும். ஆர்க்கிடைப்னா ஒரு விஷயத்தப் பத்தி என்னென்ன பதிவு பண்ணலாம்னு சொல்ற பொது வரையறை.

இதச் சொன்னா உடனே வர்ற பதில்தான் எனக்கு ஆத்திரம். "சார், ஸ்டாண்டர்ட் போட்டா டாக்டர் நாப்பது கட்டம் நிரப்பணும், ஓபில நூறு பேர் நிக்கறாங்க." இல்லங்க, இல்லவே இல்ல. ஆர்க்கிடைப்ங்கறது ஃபார்ம் இல்ல. ரத்த அழுத்தத்துக்கான ஆர்க்கிடைப்ல மேல் அளவு, கீழ் அளவு, சராசரி, உக்காந்தாரா படுத்தாரா, கஃப் சைஸ், எந்தக் கைல கட்டினாங்க எல்லாம் இருக்கும், ஏன்னா எங்கயாவது யாருக்காவது அது தேவைப்படும். அதுல உங்களுக்கு வேணுங்கறத மட்டும் எடுத்து டெம்ப்ளேட் பண்றீங்க. பாபநாசத்துல ஒரு ஓபிக்கு ரெண்டு கட்டம் போதும், ஐசியுக்கு எட்டு வச்சுக்கங்க. காவேரில தண்ணி நிறைய வருதுன்னு அவ்வளவையும் நம்ம வயலுக்கா பாய்ச்சறோம், மதகுல வேணுங்கற அளவுதான தொறக்கறோம்? ஆனா ரெண்டு டெம்ப்ளேட்டுக்கும் அடில இருக்கறது ஒரே ஆர்க்கிடைப்ங்கறதால, ஓபில போட்ட பிபியும் ஐசியுல போட்ட பிபியும் நாளைக்கு ஒரே ஏக்யூஎல் (AQL, ஓப்பன் ஈஎச்ஆரோட தேடல் மொழி) கேள்வில சேர்ந்து வரும். டாக்டருக்கு ஒரு கட்டம்கூட அதிகமாகல.

"நாங்கதான் ஃபயர் போட்டுட்டமே"ன்னு இன்னொரு கூட்டம். ஃபயர்ங்கறதும் (FHIR) ஒரு ஸ்டாண்டர்ட்தான், ஆனா முக்கியமா மருத்துவ டேட்டாவ ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பறதுக்கு. உள்ள நேரம் இல்லாத டேட்டாவ பண்டில்ல, அதாவது ஃபயரோட பொட்டலத்துல, கட்டி அனுப்பினா அங்கயும் நேரம் இருக்காது. ஸ்கேன் பண்ண பிடிஎஃப்ப பண்டிலுக்குள்ள வச்சு அனுப்பறதையும் பாக்கறேன், அதுல எதத் தேடுவீங்க?

தம்பிங்களா, புதுசா டேபிள் போடறதுக்கு முன்னாடி ஓப்பன் ஈஎச்ஆரோட ஆர்க்கிடைப் எல்லாம் இருக்கற சிகேஎம் (CKM) தளத்துல தேடுங்க, டாக்டர்ங்க உக்காந்து விவாதிச்சு முடிச்சது அங்க கிடக்கு. கடிச்ச நேரம், டெஸ்ட் எடுத்த நேரம், டைப் பண்ண நேரம் மூணும் வேற வேற, மூணையும் வைங்க. அலர்ஜி கட்டம் காலியா இருந்தா "இல்லை"ன்னு டீஃபால்ட் போடவே போடாதீங்க, கேக்கல வேற, கேட்டு இல்லன்னு சொன்னது வேற. சுகர் அளவுக்குப் பக்கத்துல யூனிட் இருக்கணும், எம்ஜியா மில்லிமோலான்னு தெரியாம போனா கிட்டத்தட்ட 18 மடங்கு வித்தியாசம். மருத்துவச் சொற்களுக்கு கோட் குடுக்கற ஸ்னோமெட் சிடிக்கு (SNOMED CT) காசு கட்டணும்னு சொல்லாதீங்க, 2014லேர்ந்து இந்தியா உறுப்பு நாடு, இங்க இலவசமாவே கிடைக்குது, மத்திய அரசு 2016ல வெளியிட்ட ஈஎச்ஆர் ஸ்டாண்டர்ட்லயும் அது இருக்கு.

ஆஸ்பத்திரி நடத்தற டாக்டர்ங்ககிட்ட ஒரு வேண்டுகோள். சாஃப்ட்வேர் வாங்கறப்ப பில் ஸ்கிரீன மட்டும் பாக்காதீங்க. ஒரே பேஷன்ட்டுக்கு ஒரே டெஸ்ட்ட ரெண்டு நேரத்துல போடச் சொல்லி, ரெண்டும் நேரத்தோட வருதான்னு பாருங்க. ரெண்டே நிமிஷ வேலை, பணம் கட்டறதுக்கு முன்னாடி பண்ணிடுங்க. அந்த நர்ஸக்கா மாதிரி நோட்டு வச்சிருக்கவங்க எல்லா ஷிஃப்ட்லயும் இருக்க மாட்டாங்க.