ஆர்.சி. முடிந்த பழைய காரைத் தெருவிலிருந்து தூக்கிவிட்டார்களா?

தெருவில் நின்ற பழைய கார் காணாமல் போனால், ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதை எடுத்தது யார் என்பது. சென்னையில் மூன்று வாய்ப்புகள் உண்டு. நோ பார்க்கிங் என்று போக்குவரத்துக் காவல் தூக்கியிருக்கலாம். கேட்பாரற்ற வாகனம் என்று மாநகராட்சியும் காவல்துறையும் சேர்ந்து அகற்றியிருக்கலாம். ஏதாவது வழக்கில் சந்தேகப்பட்டுச் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன் கைப்பற்றியிருக்கலாம். போக்குவரத்துக் காவலுக்கு 103, மாநகராட்சிக்கு 1913. இரண்டிலும் விவரம் இல்லை, எல்லை ஸ்டேஷனிலும் இல்லை என்றால் அன்றைக்கே திருட்டுப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். அந்த வண்டி நாளை எங்காவது தவறான காரியத்தில் சிக்கினால், புகாரின் தேதிதான் உங்களைக் காப்பாற்றும்.

எடுத்தவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் திரும்பப் பெறும் வழியும் மாறும். போக்குவரத்துக் காவல் என்றால் அபராதமும் இழுவைக் கட்டணமும். ஆவணம் இல்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 207-வது பிரிவில் பிடித்து வைத்திருந்தால், ஆவணங்களைக் காட்டி விடுவிக்கக் கோரி, அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி விண்ணப்பம். வழக்குச் சொத்தாகக் கைப்பற்றியிருந்தால், எல்லைக்குட்பட்ட குற்றவியல் நீதிமன்றத்தில் சொத்தைத் திரும்பக் கேட்கும் மனு. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் பணம் கட்டத் தொடங்குபவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

'என் வீட்டு வாசலில் நின்ற வண்டியை எப்படி எடுக்கலாம்?' என்ற கேள்வி எடுபடாது. காம்பவுண்டுக்கு வெளியே இருப்பது பொது இடம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 127-வது பிரிவு, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வாகனத்தை இழுத்துச் செல்லச் சொல்லும் அதிகாரத்தைச் சீருடையில் உள்ள காவலருக்குத் தருகிறது. உடைந்தோ எரிந்தோ பாதி கழற்றப்பட்டோ போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் பத்து மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. இழுத்த செலவு உரிமையாளர் தலையில்தான் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. எனவே கட்டணத்தை எதிர்த்து வாதாடுவதைவிட, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்பது பயனுள்ளது.

ஆனால் அபராதச் சலானை வரிவரியாகப் படியுங்கள். நின்ற வண்டிக்குப் பொருந்துவது போக்குவரத்துக்கு இடையூறு என்ற 201-வது பிரிவு, 500 ரூபாய். சில சமயம் ஆர்.சி. காலாவதி என்று பார்த்தவுடன் 192-ஐயும் சேர்த்துவிடுகிறார்கள். அது பதிவில்லாத வாகனத்தை ஓட்டியதற்கும் ஓட்ட விட்டதற்குமானது. முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை போகும். இன்சூரன்ஸ் இல்லை என்ற 196-வது பிரிவும் அப்படித்தான், முதல் தடவை 2,000 ரூபாய். நான்கு டயரும் தரையோடு ஒட்டிப்போய், பேட்டரியே இல்லாமல் நின்ற காரை யார் ஓட்டியது என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. ஆன்லைனில் பணம் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். மறுப்பதானால் கட்டுவதற்கு முன்பே உரிய இடத்தில் மறுக்க வேண்டும். கட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்று விட்டால், அந்தச் சலான் நிலுவை பின்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பத்தை வழிமறிக்கும்.

இனி ஆர்.சி. விஷயம். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். 15 வருடம் முடிந்தாலே வண்டி குப்பை என்று நினைப்பது டெல்லிச் செய்திகளைப் படித்து வந்த குழப்பம். பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்ற கட்டுப்பாடு பசுமைத் தீர்ப்பாய உத்தரவாலும் 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றதாலும் தலைநகர்ப் பகுதிக்கு வந்தது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. ஆய்வில் தேறினால் புதுப்பிக்கலாம்.

புதுப்பிக்கலாம் என்பதாலேயே புதுப்பிக்க வேண்டும் என்றில்லை. தூக்கிய வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் யார்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். 2022 ஏப்ரல் முதல் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய், மாதத்தில் ஒரு பகுதி ஆனாலும் முழு மாதம்தான். 2008 ஜூலையில் பதிவான ஒரு கார், 2023 ஜூலையில் காலாவதி, இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும் 12,000, கட்டணத்தோடு சேர்த்து 17,000. வண்டி ஓடவே இல்லையே என்ற விளக்கத்தைக் கணினி கேட்காது. இருபது வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு புதுப்பிப்புக் கட்டணமே 10,000. இதற்கு மேல் பசுமை வரி, புகைச் சான்று, ஸ்மார்ட் கார்டு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூன் விகிதப்படி 1,000 சி.சி.க்குள் 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, ஜி.எஸ்.டி. தனி. ரிப்பேர் செலவை இன்னும் எழுதவே இல்லை. அதே மாடல், அதே வருடம், ஆர்.சி. உயிரோடு இருக்கும் வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து இந்தக் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அம்பாசடர், பத்மினி போல ஆசைக்கு வைத்திருக்கும் வண்டியை விட்டுவிடலாம், ஆசைக்குக் கணக்கில்லை. பதினைந்து வருடம் தாண்டிய சாதாரணக் குடும்பக் கார்களில் பெரும்பாலும் கணக்கு ஸ்கிராப் பக்கமே சாயும்.

புதுப்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு முடிச்சு காத்திருக்கிறது. ஆர்.சி. கொண்டுவந்தால் வண்டியை விடுகிறோம் என்பார் காவலர். வண்டியைக் கொண்டுவந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்கிறோம் என்பார் பிரேக் இன்ஸ்பெக்டர். இதை அவிழ்க்க ஒரு வரிசை உண்டு. முதலில் இன்சூரன்ஸ் எடுங்கள். பிறகு மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 25-இல் புதுப்பிக்க விண்ணப்பித்துக் கட்டணத்தைக் கட்டி, அந்த ரசீதை அச்செடுங்கள். பழைய புத்தக ஆர்.சி. வண்டிகளின் விவரம் சில சமயம் வாகன் கணினியில் ஏறியிருக்காது. அப்படியானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் பதிவு செய்ய வேண்டும், அதற்கே சில நாள் பிடிக்கும். ரசீது, இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., அடையாள அட்டை ஆகியவற்றோடு ஒரு கடிதம்: வண்டியைச் சாலையில் ஓட்ட மாட்டேன், மீட்பு வண்டியில் ஏற்றி இந்த மெக்கானிக் ஷெட்டுக்கோ இந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கோ நேராகக் கொண்டுபோவேன், புதுப்பித்த ஆர்.சி.யை இந்தத் தேதிக்குள் காட்டுவேன். 207-வது பிரிவு நிபந்தனையோடு விடுவிக்க இடம் தருகிறது. வாயால் கேட்டால் மறுப்பது சுலபம், எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினால் அவ்வளவு சுலபமில்லை. வழக்குச் சொத்தாக இருந்தால், வாகனங்களை ஸ்டேஷன்களில் நெடுங்காலம் போட்டு வைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனுவில் காட்டலாம்.

யார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து படமெடுங்கள். பேட்டரி, ஸ்டீரியோ, ஸ்டெப்னி, ஜாக்கி, சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர், நான்கு டயர்கள். இல்லாததைப் பெறுகைச் சீட்டிலேயே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். வெளியே வந்த பிறகு சொன்னால் அது புகார் மட்டும்தான். சேசிஸ் எண்ணையும் அங்கேயே ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிடுங்கள். துருவேறி எண் படிக்க முடியாமல் போயிருந்தால், எண்ணின் மேல் தாள் வைத்துத் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்ட் எடுக்க முடியாமல் ஆய்வில் நின்றுவிடும்.

யார்டிலேயே ஜம்ப் ஸ்டார்ட் போட்டு ஓட்டிவிடலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வருடக்கணக்கில் நின்ற காரில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், ரப்பர் எரிபொருள் ஹோஸ் வெடித்திருக்கும், வயரிங்கை எலி கடித்திருக்கும். இந்த மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் தீ. பிரேக் வீல் சிலிண்டர்கள் கசிந்து மிதி கீழே போகும், வண்டி நிற்காது. டைமிங் பெல்ட் காய்ந்து ஸ்டார்ட் ஆகும்போதே அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். ஷெட்டுக்குப் போனதும் டேங்கைக் காலி செய்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் ஊற்றி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1417 என்றால் 2017-ஆம் வருடம் 14-வது வாரத்தில் செய்தது. கட்டை தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி ஓட்ட வேண்டாம்.

ஏற்றிப் போகிற வண்டி ஃபிளாட்பெட்டாக இருந்தால் நல்லது. அது கிடைக்காமல் கொக்கியில் இழுப்பதானால், மாருதி 800, சான்ட்ரோ போன்றவற்றுக்கு முன் சக்கரத்தையும், அம்பாசடர், ஆம்னி போன்றவற்றுக்குப் பின் சக்கரத்தையும் தூக்க வேண்டும். இன்ஜின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அது தரையில் உருளக் கூடாது. ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்ட காரை இழுத்தால் பின் டயர் சாலையில் தேய்ந்தே கிழியும்.

பெயரில் உள்ள சிக்கல் வண்டியில் உள்ள சிக்கலைவிடப் பெரியது. அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்துப் படிவம் 31. மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் இல்லாமல் போனால் அலைச்சல்தான். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கியின் ஹைப்பாதிகேஷன், அதாவது கடனுக்கு ஈடு என்ற குறிப்பு, நிற்கிறதென்றால் படிவம் 35-உம் வங்கித் தடையின்மைச் சான்றும். அந்த வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த வங்கிதான் தர வேண்டும். ஆர்.சி.யே தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறை தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பெற்று, படிவம் 26-இல் நகல் கேட்கலாம்.

வண்டியை எப்போதோ விற்றுவிட்டோம், பெயர் மட்டும் மாற்றவில்லை என்பவர்கள் 'எனக்கு என்ன வந்தது' என்று இருக்க முடியாது. 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும் ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வாங்கியவரைத் தேடிப்பிடித்துப் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 போடவைக்க, இழுத்துச் சென்ற நோட்டீஸ் நல்ல சந்தர்ப்பம். பெயர் மாற்றாமல் அவருக்கும் வண்டி கிடைக்காது.

ஸ்கிராப் என்று முடிவெடுத்தால் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தைக்கோ தெரு முனைப் பழைய இரும்புக் கடைக்கோ கையில் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டாம். விலை கூடக் கிடைக்கலாம். ஆனால் உங்கள் சேசிஸ் எண்ணும் நம்பர் பிளேட்டும் வேறொரு திருட்டு வண்டியில் ஏறிச் சுற்றினால் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையங்களின் பட்டியல் பரிவாகன் தளத்தின் வி-ஸ்கிராப் பகுதியில் இருக்கிறது. அவர்கள் ஏற்பதற்கு முன்பே திருட்டுப் பதிவு, வங்கிக் கடன், வழக்கு எல்லாம் சரிபார்ப்பார்கள், எனவே மேலே சொன்ன பெயர்ச் சிக்கலைத் தீர்க்காமல் இங்கேயும் நகராது. காவல்துறை விடுவிப்புக் கடிதம் கிடைத்துவிட்டால், யார்டிலிருந்தே நேராக நிலையத்துக்கு ஏற்றிப் போகச் சொல்லலாம், வீட்டுக்கு ஒரு நடை மிச்சம். பணம் வங்கிக் கணக்கில் வரும். டெபாசிட் சான்று, ஸ்கிராப் செய்த சான்று என்று இரண்டு தாள் வரும். முதல் சான்று புதுக் கார் வாங்கும்போது உதவும்: பதிவுக் கட்டணம் கிடையாது, வரியில் மத்திய விதி 25 சதவீதம் வரை சலுகைக்கு இடம் தருகிறது, எவ்வளவு என்பதை மாநிலம் தீர்மானிக்கும். இரண்டாவது சான்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து பரிவாகனில் உங்கள் எண்ணைப் போட்டுப் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது ஒரு வழியைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்: போனது போகட்டும் என்று யார்டிலேயே விட்டுவிடுவது. வண்டி ஒருநாள் ஏலத்துக்குப் போகும், ஆனால் பதிவேட்டில் உங்கள் பெயர் தானாக அழியாது. ஏலம் நடந்துவிட்டது என்று தெரிந்தால், ஏலம் விட்ட அலுவலகத்தில் வண்டி எண், சேசிஸ் எண், ஏலத் தேதி, எடுத்தவர் விவரம் குறித்த கடிதத்தை எழுத்துமூலம் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கடிதத்தை இணைத்து, வண்டி இப்போது என் வசமில்லை, பதிவை ரத்து செய்யுங்கள் என்று ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் எழுதி, ஒப்புகையைப் பழைய ஆர்.சி. நகலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.