சினைக்காலத்திலேயே சூரை பிடிக்க அனுமதியா? நீலத்துடுப்புச் சூரை விதி சொல்வது என்ன

மீன் முட்டையிடும் காலத்தில் வலை போடக்கூடாது என்பதுதான் நாம் கேட்டுப் பழகிய விதி. மத்திய தரைக்கடலில் நீலத்துடுப்புச் சூரைக்கு (புளூஃபின் டூனா) உள்ள விதியைப் படித்தால் முதலில் குழப்பமாக இருக்கும். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிப்பக்கத்தை இறுக்கும் சுருக்குமடி வலைக் கப்பல்களுக்கு அங்கே பொதுவாக மே 26 முதல் ஜூலை 1 வரைதான் அனுமதி (சில பகுதிகளுக்குத் தேதி கொஞ்சம் மாறும்). அந்த மீன் முட்டையிடுவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். அச்சுப்பிழை இல்லை, விதியே அப்படித்தான்.

விதியைப் போடுவது இக்காட் எனப்படும் அட்லாண்டிக் சூரைகளுக்கான பன்னாட்டு ஆணையம். 1966இல் ரியோ டி ஜெனிரோவில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1969இல் நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் மாட்ரிட்டில். உறுப்பு நாடுகள் இந்த விதிகளைத் தங்கள் சட்டமாக்கி, தங்களுக்குக் கிடைத்த பிடிப்பு ஒதுக்கீட்டைக் கப்பல்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன.

சரி, ஏன் இந்தத் தேதி? மீனின் பழக்கத்தைப் பார்த்தால் புரியும். இரை தேடி அட்லாண்டிக் முழுக்கச் சுற்றும் இந்தச் சூரை, வசந்தத்தில் ஜிப்ரால்டர் நீரிணை வழியாக உள்ளே வருகிறது. பலேரிக் தீவுகள், மால்டா, டிரேனியக் கடல் போன்ற இடங்களில் மேல்மட்ட நீர் 20 டிகிரியைத் தாண்டிச் சூடாகும்போது சினை முற்றுகிறது. ஆணையும் பெண்ணையும் வெளித்தோற்றத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. இரவில், நீரின் மேற்பரப்பில், பெண்ணை ஆண்கள் துரத்த, முட்டையும் விந்தும் கடலிலேயே கலக்கின்றன. ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிடாது. ஓரிரு நாளுக்கு ஒருமுறை என்று பல தவணையாக விடும். பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் விடும் முட்டைகள் கோடிக்கணக்கில் போகும்.

ஒரு முட்டை சுமார் 1 மில்லிமீட்டர்தான், குண்டூசித் தலை அளவு. உள்ளே ஒரு துளி எண்ணெய் இருப்பதால் மிதக்கும். ஒன்று, ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். சில நாளிலேயே அந்தக் குஞ்சுக்கு உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய் வந்துவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் மற்ற குஞ்சுகளைத் தின்னத் தொடங்கும், கூடப் பிறந்தவையானாலும் விடாது. அந்தக் கோடிகளில் மிஞ்சுவது சொற்பம்.

மற்ற மாதங்களில் சிதறித் திரியும் பெரிய மீன்கள், இந்தச் சில வாரங்களில்தான் மேலே வந்து கூட்டமாக நிற்கும். அப்போதுதான் சுருக்குமடிக்குள் வளைக்க முடியும். வளைத்த மீனைக் கொல்லாமல், வலையின் வாயைக் கூண்டின் வாயோடு இணைத்து உயிரோடு நீந்தவிடுகிறார்கள். எத்தனை மீன் தாண்டுகிறது என்று நீருக்கடியில் காணொளி எடுத்து எண்ணுகிறார்கள். அப்புறம் கூண்டை மெதுவாக இழுத்துப்போய், பண்ணையில் கொழுக்க வைத்து விற்கிறார்கள். சினைக்காலத்தை மூடினால் இந்தத் தொழிலையே மூட வேண்டியதுதான். ஆணையம் அதற்குப் போகாமல், நாட்களைச் சுருக்கி, கப்பலில் கண்காணிப்பாளரை ஏற்றி, மொத்தப் பிடிப்புக்கு வரம்பு வைத்தது.

அளவு விதி தனி. 30 கிலோவுக்கோ 115 சென்டிமீட்டருக்கோ குறைந்த மீனைப் பிடிக்கக்கூடாது. நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வாலின் கவடு வரை அளக்க வேண்டும், வால் நுனி வரை அல்ல. கிழக்கு அட்லாண்டிக் கூட்டத்தில் (மத்திய தரைக்கடல் மீனும் இதில் சேரும்) இது ஏறக்குறைய 4 வயது மீன். பாதிக்கு மேற்பட்டவை முதிர்ந்திருக்கும். அட்ரியாடிக் பண்ணைகளுக்காகப் பிடிப்பது போன்ற சில விதிவிலக்குகளில் 8 கிலோ வரை இறங்கலாம். பொழுதுபோக்குக்காகப் பிடித்த மீனை விற்கக்கூடாது.

என் பார்வையில் இந்த அளவு விதி பாதிதான் காக்கிறது. முதல் முட்டைக்கு வாய்ப்பு தருகிறது, ஆனால் அதிக முட்டை விடும் பெரிய பெண் மீனுக்கு மேல் வரம்பு எதுவும் இல்லை. உண்மையில் மீனை மீட்டது ஒதுக்கீடுதான். கிழக்குப் பகுதிக்கான மொத்த வரம்பை 2010இல் 13,500 டன்னாக இறக்கினார்கள். மீன் பெருகியபின் 2023இல் அது 40,570 டன். இடையில் 2021இல், அருகிவரும் இனம் என்ற நிலையிலிருந்து இதைக் கவலை குறைந்த பட்டியலுக்கு மாற்றியது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்.

மேற்கு அட்லாண்டிக்கில் கதை வேறு. அங்கே முக்கிய முட்டையிடும் இடமான மெக்சிகோ வளைகுடாவில் இந்த மீனைக் குறிவைத்துப் பிடிக்கவே கூடாது. ஆனால் மற்ற மீனுக்குப் போட்ட ஆயிரங்கால் தூண்டிலில் (ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான முட்களைத் தொங்கவிடுவது) இது மாட்டிக்கொள்ளும். அதனால் 2011இல் அமெரிக்கா அங்கே எளிதில் வளையும் தூண்டில் முள்ளைக் கட்டாயமாக்கியது. மஞ்சள்துடுப்புச் சூரையின் பாரத்தை அந்த முள் தாங்கும். சினைக்கு வந்த பெரிய நீலத்துடுப்பு இழுத்தால் முள் நிமிர்ந்து மீன் தப்பிவிடும்.

இதே விதியை எல்லாச் சூரைக்கும் போட முடியாது. வெப்பமண்டலக் கடலில் வரிச்சூரை ஆண்டு முழுவதும் முட்டையிடும். அதற்கு எந்த மாதத்தை மூடுவது?