ஃபோல்டர் திறக்கவில்லையா? பாஸ்வேர்டில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகோ, பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டிய பிறகோ, குடும்பப் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தட்டினால் "அனுமதி இல்லை" என்று வந்து நிற்கும். உடனே பலரும் ஏதாவது 'அன்லாக்கர்' மென்பொருளைத் தேடி இறக்குகிறார்கள், அல்லது கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கிறார்கள். முதலாவது பெரும்பாலும் வீண்வேலை. இரண்டாவது, சில கணினிகளில், மீட்க முடிந்த ஃபைலையும் மீட்க முடியாததாக்கிவிடும். அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது அனுமதிச் சிக்கலா, என்கிரிப்ஷனா?

அனுமதிச் சிக்கல் என்றால் ஃபைல் உள்ளே அப்படியே பத்திரமாக இருக்கிறது. உங்களை அடையாளம் தெரியாமல் வாட்ச்மேன் வெளியே நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். என்கிரிப்ஷன் என்றால் ஃபைலின் உள்ளடக்கமே உருமாறிக் கிடக்கிறது. சாவி இல்லாமல் எந்த நிபுணராலும் அதைத் திறக்க முடியாது.

வீட்டுக் கணினிகளில் அடிக்கடி வருவது முதல் வகை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாக ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) டிரைவில் ஒவ்வொரு ஃபோல்டரும் தன் உரிமையாளரைப் பெயரால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, ஒரு நீண்ட அடையாள எண்ணால்தான் வைத்துக்கொள்கிறது. புதிய விண்டோஸில் அதே பெயரில், அதே பாஸ்வேர்டோடு கணக்குத் தொடங்கினாலும் எண் வேறு. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி என்று போனால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் எண் தெரியும். அதைப் பார்த்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

'கன்டினியூ' பொத்தான் வந்தால் முதலில் அதையே அழுத்திப் பாருங்கள். உங்கள் கணக்கை அனுமதிப் பட்டியலில் அதுவே சேர்த்துவிடும். ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருந்தால் பச்சைக் கோடு வெகுநேரம் நகரும், நடுவில் நிறுத்தாதீர்கள். அது பலிக்கவில்லை என்றால் அட்மின் உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, செக்யூரிட்டி பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' திறந்து, மேலே ஓனர் வரியில் 'சேஞ்ச்' தட்டி உங்கள் கணக்குப் பெயரைக் கொடுங்கள். 'செக் நேம்ஸ்' அழுத்தும்போது பெயருக்குக் கீழே கோடு விழ வேண்டும். அதன் பிறகு தோன்றும் 'ரிப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்' கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுத்து, எல்லாப் பெட்டிகளையும் மூடிவிடுங்கள். மூடாமல் தொடர்ந்தால் புதிய உரிமை நடைமுறைக்கு வராது. பலர் சிக்குவது இந்த இடத்தில்தான். மறுபடி திறந்து, 'ஆட்' மூலம் உங்கள் கணக்கைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாதா என்றால், போதாது: எக்ஸ்ப்ளோரர் சாதாரண உரிமையோடு ஓடுவதால் மறுபடியும் அதே தடைதான் வரும். பட்டியலில் 'டினை' என்று ஒரு வரி இருந்தால் அதையும் நீக்குங்கள். அதே மட்டத்தில் அனுமதியும் தடையும் சேர்ந்திருந்தால் தடைதான் வெல்லும்.

இதை ஒரு ஃபோல்டருக்குச் செய்யுங்கள், சி டிரைவ் முழுவதற்கும் ஒருபோதும் செய்யாதீர்கள். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களின் உரிமை 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற கணக்கிடம் இருப்பது காரணத்தோடுதான். அதைப் பறித்தால் அப்டேட் முதல் ஆப்கள் வரை ஒவ்வொன்றாகத் தகராறு செய்யும். அதேபோல் 'டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', 'அப்ளிகேஷன் டேட்டா' ஆகியவை திறக்கவில்லை என்று போராட வேண்டாம். அவை ஃபோல்டர்களே அல்ல, பழைய மென்பொருள்களுக்காக வைத்த வழிகாட்டிப் பலகைகள். திறக்காமல் இருப்பதே அவற்றின் இயல்பு. உங்கள் ஃபைல்கள் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் பழைய பெயரின் கீழ் இருக்கும்.

திறந்த பிறகு ஃபைல்களை வேறு டிரைவுக்குக் காப்பி செய்துகொள்வது நல்லது. காப்பி செய்த ஃபைல் சேரும் இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். அதே டிரைவுக்குள் நகர்த்தினாலோ பழைய அனுமதியையும் சுமந்துகொண்டு போகும், சிக்கலும் கூடவே போகும்.

ஒரு எச்சரிக்கை. செய்தியில் 'சைக்ளிக் ரிடன்டன்சி செக்' என்று வந்தால், அல்லது டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால், அது அனுமதிப் பிரச்சினை அல்ல; டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் உரிமை மாற்றும் வேலையோ, டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக் டிஸ்க்கோ ஓட்டினால் மிச்சமிருப்பதும் போகும். முதலில் முழு டிஸ்க்கையும் இமேஜ், அதாவது அப்படியே ஒரு நகல், எடுக்க வேண்டும்.

இனி சங்கடமான வகை. ஃபோல்டர் திறக்கிறது, ஃபைல் பெயர்கள் தெரிகின்றன, உரிமையும் உங்களிடம் இருக்கிறது, ஆனால் எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஐகான் மூலையில் சிறு பூட்டு தெரிகிறதா? ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்து 'அட்வான்ஸ்டு' திறந்து, 'என்கிரிப்ட் கன்டென்ட்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் அது இஎஃப்எஸ், ஃபைல்களைத் தனித்தனியாக என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி. புரோ பதிப்பில் இருக்கும் இந்த வசதியின் சாவி உங்கள் கணக்கின் பாஸ்வேர்டோடு பின்னியிருக்கிறது. பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து நீங்களே மாற்றினால் சாவியும் கூடவே புதுப்பிக்கப்படும். இந்தக் கணினியில் மட்டும் உள்ள லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை வேறொரு அட்மின் கணக்கிலிருந்தோ பென் டிரைவ் கருவியாலோ அழித்து மாற்றினால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். விண்டோஸே அப்போது எச்சரிக்கும், யாரும் படிப்பதில்லை. பழைய பாஸ்வேர்ட் பிறகு நினைவுக்கு வந்தால் அதையே மறுபடி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும்.

விண்டோஸ் மாறிய கணினியானால் முன்பே ஏற்றுமதி செய்து வைத்த பிஎஃப்எக்ஸ் சான்றிதழ் ஃபைல் (இஎஃப்எஸ் சாவி அடங்கியது) வேண்டும். அது இல்லையா? பழைய பயனர் ஃபோல்டரின் 'ஆப் டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட்' உள்ளே 'கிரிப்டோ', 'புரொடெக்ட்', 'சிஸ்டம் சர்டிஃபிகேட்ஸ்' மூன்றும் மிஞ்சியிருந்து, பழைய பாஸ்வேர்டும் தெரிந்தால் வழி இருக்கிறது. இவை, பழைய விண்டோஸின் ஃபைல்கள் இருக்கும் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' ஃபோல்டரில் கிடைக்கலாம். ஆனால் மேம்படுத்திய 10 நாளில் அந்த ஃபோல்டர் தானாகவே அழிந்துவிடும். எனவே டிஸ்க் கிளீனப் ஓட்டாமல் முதல் நாளே அதை எடுத்து வையுங்கள்.

டிரைவ் முழுவதும் பூட்டிக்கொண்டு நீலத் திரையில் சாவி கேட்டால் அது பிட்லாக்கர், முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்யும் விண்டோஸ் வசதி. பயாஸ் (கணினியை முதலில் இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட், மதர்போர்டு மாற்றம், செக்யூர் பூட் (தொடக்கத்தில் நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் காவல்) அமைப்பை மாற்றுவது போன்றவை இதைக் கிளப்பிவிடும். கேட்பது 48 இலக்க மீட்புச் சாவி: ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும் எண் என்பதால், தப்பாக எழுதி வைத்த தொகுதியைக் கணக்குப் போட்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல மடிக்கணினிகளில் அது தானே இயங்கிவிடுகிறது. சாவி இருப்பது கணினியை முதலில் அமைத்தவரின் கணக்கில்; மகனோ தங்கையோ அமைத்துக் கொடுத்திருந்தால் அவர்களுடைய கணக்கில் பாருங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்தும் பட்டியலில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும்.

'ஃபோல்டர் லாக்' வகை மென்பொருள்களில் பல, ஃபோல்டரை மறைத்து மட்டுமே வைக்கின்றன. பூட்டைத் திறக்காமல் மென்பொருளை மட்டும் நீக்கிவிடாதீர்கள். நோட்பேடில் கட்டளைகளை எழுதிச் செய்யும் அந்தப் பிரபலமான பேட்ச் ஃபைல் பூட்டு என்றால் இன்னும் எளிது: அதை ரைட் கிளிக் செய்து எடிட் கொடுத்தால், பாஸ்வேர்ட் ஒரு வரியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். பாதுகாப்பு என்று அதை நம்பியிருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

திறக்கிறது, ஆனால் சேமிக்க மட்டும் மறுக்கிறது என்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' (நம்பகமற்ற மென்பொருள் ஃபைல்களை மாற்றாமல் தடுக்கும் வசதி) இயங்குகிறதா பார்த்து, உங்கள் மென்பொருளை அதன் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். எல்லா ஃபைல்களின் பெயர் முடிவும் மாறி, பணம் கேட்கும் குறிப்பு கிடந்தால் அது ரான்சம்வேர். நெட்வொர்க்கைத் துண்டித்து, ஃபைல்களை அழிக்காமல், ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசத் திறவுகருவி இருக்கிறதா என்று வேறொரு கணினியிலிருந்து தேடுங்கள்.

கணினி இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், மறுபடி நிறுவுமுன் இஎஃப்எஸ் டிக்கை எடுத்துவிடுங்கள், அல்லது சான்றிதழை பிரைவேட் கீயோடு (ஃபைல்களைத் திறக்கும் சாவி) ஏற்றுமதி செய்யுங்கள். பிரைவேட் கீ சேராத ஏற்றுமதி எதற்கும் உதவாது. பிட்லாக்கர் சாவியை அதே டிரைவில் சேமிக்காமல் காகிதத்தில் அச்சிடுங்கள். பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்தால் போதும், முழுவதும் அணைக்கத் தேவையில்லை.