ஆடியை முந்திய சித்திரை

சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த அக்கா மகனிடம் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை உள்ளிருந்து வெளியே வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி. ராத்திரி சாப்பிடும்போது திருப்பிக் கேட்டேன். “ஈஸி மாமா! சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி, வெளி.”

ஐந்து பெயரும் சரி. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மட்டும் இடம் மாறிவிட்டன. வரிசையை ஒப்பிக்கும்போது மனிதர்கள் மிக அதிகமாகச் செய்யும் பிழை இந்த வகைதான்.

ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது என்பது பழைய விளக்கம். ஜெர்மனியின் எப்பிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு ஏறக்குறைய இந்த வழியில்தான் யோசித்தது. நமக்கும் அது இயல்பாகவே படும். ஒரு பாட்டின் கடைசிச் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும் அந்தாதியை வைத்திருப்பவர்கள் அல்லவா! ஆனால் வெறும் சங்கிலி என்றால், பையன் ‘சித்திரை’ என்றதும் ‘ஆவணி மூலம்’தான் வந்திருக்க வேண்டும், ஆடி விட்டுப்போயிருக்கும். அவனோ திரும்பி வந்து ஆடியை எடுத்துக்கொண்டு போனான்.

இன்றைய விளக்கம் ஒன்று இதற்குப் பொருந்துகிறது. வாயைத் திறக்கும் முன்பே எல்லாப் பெயர்களும் மூளையில் விழித்துக்கொள்கின்றன. முதலில் வர வேண்டியது அதிக பலத்தோடு, அடுத்தடுத்தவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த பலத்தோடு. பலசாலி வெளியே வருகிறது, வந்ததும் அமுக்கப்படுகிறது. அப்புறம் மிச்சத்தில் பலசாலி. சித்திரை முந்திக்கொண்டாலும், ஆடி இன்னும் பலத்தோடு வாசலிலேயே நிற்கிறதே, அடுத்து அதுதான் வரும். வடிவங்களை வரையப் பழகிய குரங்குகளின் மூளையைப் பதிவுசெய்து 2002-இல் வெளியான ஆய்விலும், கோடு போடத் தொடங்கும் முன்பே எல்லாக் கோடுகளுக்குமான செயல்பாடு இப்படி இறங்குவரிசை பலத்தில் தெரிந்தது; முதல் கோட்டுக்கு அதிகம்.

சித்திரை ஏன் முந்தியது? காலண்டர்தான். மாத வரிசையில் சித்திரைக்குப் பின்தான் ஆடி, அப்புறம் ஆவணி, மாசி. சின்ன வயதிலேயே ஊறிய வரிசை புது வரிசைக்குள் மூக்கை நுழைத்துவிட்டது.

ஊறுவது எப்படி என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கனடாவின் டொனால்ட் ஹெப் 1961-இல் எண் வரிசைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு மூன்றாவது முறையும் ஒரே வரிசை வந்தது. அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஒன்று மட்டும் மெல்ல மெல்லத் தேறிக்கொண்டே போனது. பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று தினம் பஸ்ஸில் காதில் விழுவது உட்காராமலே மனப்பாடமாவது இப்படித்தான். (அதையே பின்னாலிருந்து சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுமாறும்.)

மறுநாள் பையனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ஆடி வீதி மதிலுக்கு உள்ளேயே இருப்பதைக் கண்ணால் பார்த்தான், கோபுர வாசல் தாண்டிச் சித்திரை வீதிக்கு நடந்தான். வெளியே ஜிகர்தண்டா குடித்துக்கொண்டே மறுபடி கேட்டேன். “சித்...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.