பல்லுக்கு அவசரம் என்றால் காப்பீட்டுக் கார்டு செல்லுமா?

முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு வீட்டில் இருந்தால் பல்வலிக்கும் அதைக் காட்டலாம் என்றுதான் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செல்லாது. சொத்தைப் பல்லைப் பிடுங்குவது, அடைப்பது, வேர் சிகிச்சை எல்லாம் ஓ.பி.யிலேயே முடிகிற வேலை, கார்டு என்பது ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்கிற சிகிச்சைகளுக்கானது. தாடை எலும்பு உடைந்து ஆபரேஷன் வரைக்கும் போனால் அப்போது கார்டை எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. இன்னும் எடுக்காதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் பதியலாம், சந்தேகம் இருந்தால் 1800 425 3993.

சரி, வெறும் பல்வலிக்கு? கார்டே வேண்டாம். ஹைகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். வள்ளியூர், அம்பை, தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் வரும் முன் 104-க்கு அடித்து, பக்கத்து அரசு மருத்துவமனையில் இன்று பல் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தனியாரிடம்தான் போவது என்றால் பலகையில் பி.டி.எஸ். பட்டமும் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், நாற்காலியில் உட்காரும் முன்பே மொத்தச் செலவையும் கேட்டுவிடுங்கள்.

ராத்திரியில் வந்தால் என்ன செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வலி மட்டும் என்றால் காலை வரை சமாளிக்கலாம். ஆனால் வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கி, எச்சில் விழுங்க முடியாமல், வாய் திறக்க வராமல், மூச்சும் திணறினால் பல் கிளினிக் தேடி அலையவே அலையாதீர்கள், உடனே 108-க்கு அடித்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்குள் பரவி மூச்சை அடைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. அந்த வீக்கத்துக்குப் போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, பல்லிடுக்கில் புகையிலையை அடக்கிக்கொண்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

பைக்கில் விழுந்து வாயில் அடிபட்டால் அது வேறு கணக்கு. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், காப்பீட்டுக் கார்டு இல்லாவிட்டாலும், வெளிமாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் பெறலாம். ஆனால் சாலை விபத்துக்கு மட்டும்தான். குறுக்குத்துறை படித்துறையில் வழுக்கி விழுந்தவருக்கு இது கிடையாது, அவர் பெரியாஸ்பத்திரிக்குப் போவதே சரி.

எப்படி விழுந்திருந்தாலும் நிலைப்பல் முழுசாகக் கழன்று வந்துவிட்டால் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, தேய்த்துக் கழுவாமல், ஒரு டம்ளர் காய்ச்சாத பாலில் போட்டு எடுத்துப் போங்கள். அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் கையில் சேர்ந்தால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு. குழந்தையின் பால்பல் என்றால் திரும்பப் பொருத்த மாட்டார்கள், இருந்தாலும் ஈறைக் காட்டிவிட்டு வாருங்கள்.