ஹராஸ்மென்ட்: தமிழில் என்ன சொல்வது?

"ஹராஸ்மென்ட்" என்ற சொல் இன்று டெல்டாவில் யாருக்கும் புதிதல்ல. கும்பகோணத்துத் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண்ணும், மன்னார்குடியில் குழுக் கடன் வசூலுக்குப் போகும் பெண்ணும், தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கும் பெண்ணும் அதைச் செய்தியில் கேட்டிருப்பார்கள். ஆனால் தனக்கு நடந்ததைச் சொல்லும்போது அந்தச் சொல் வாயில் வருவதில்லை. "டார்ச்சர் பண்றாரு", "தப்பா நடந்துக்கிட்டாரு", "வம்பு பண்றான்" என்பார்கள். கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் "கையப் புடிச்சி இழுத்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். செய்தித்தாளில் அது "சில்மிஷம்" ஆகிறது. மனுவில் "பாலியல் தொல்லை". சட்டத்தில் "பாலியல் துன்புறுத்தல்". ஒரே செயலுக்கு இத்தனை பெயர் இருந்தால் குற்றம் நம்மிடம்தான். எந்தப் பெயரில் புகார் எழுதப்படுகிறதோ அந்த எடைதான் அதற்குக் கிடைக்கிறது. அதனால் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. அது பிரெஞ்சு மொழியின் "ஹரஸ்ஸே" என்ற வினையிலிருந்து வந்தது. களைத்துப்போகும்படி அலைக்கழிப்பது என்பது அதன் பொருள். அதற்கும் அடியில் இருப்பது, வேட்டையில் நாயை ஏவிவிடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் நெடுங்காலம் அது போரில் எதிரிப் படையை ஓயவிடாமல் தாக்குவதற்கும், கடன்காரரை நச்சரிப்பதற்கும் வழங்கிய பொதுச்சொல்லாக இருந்தது. பெண்களின் வேலையிடத்துக்கும் அதற்கும் தொடர்பு ஏற்பட்டு ஐம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து இத்தாக்கா நகரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மிட்டா வுட் என்ற பெண் அலுவலகப் பணியில் இருந்தார். ஒரு பேராசிரியரின் அத்துமீறல்களைத் தாங்க முடியாமல் வேலையை விட்டார். வேலையில்லாதோர் உதவித்தொகை கேட்டபோது, சொந்தக் காரணத்துக்காக வேலையை விட்டதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். என்ன காரணம் என்று எழுத அவரிடம் ஒரு பெயர் இல்லை. அப்போது அங்கே பெண்களும் வேலையும் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த லின் ஃபார்லியும் மற்றவர்களும் கூடிப் பேசினார்கள். மிரட்டல், வற்புறுத்தல், சுரண்டல் என்று பல சொற்கள் வந்தன. இரட்டை அர்த்தப் பேச்சிலிருந்து உடல்மீது கை வைப்பதுவரை எல்லாவற்றையும் அடக்கும் சொல் வேண்டும் என்றுதான் கடைசியில் "செக்ஸுவல் ஹராஸ்மென்ட்" என்று வைத்தார்கள். 1975 மே மாதம் இத்தாக்காவில் பெண்கள் மேடையேறித் தங்கள் அனுபவங்களைச் சொன்னார்கள். அந்த ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இந்தச் சொல்லை அச்சிட்டது. சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் 1979இல் எழுதிய நூல் இதைப் பாலினப் பாகுபாடு என்று நிறுவியது.

நம் நாட்டுக்கு இந்தச் சொல் வந்த வழி கொடுமையானது. ராஜஸ்தானில் அரசின் மகளிர் திட்டத்தில் ஊழியராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதையொட்டித் தொடுக்கப்பட்ட விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்ட் 13 அன்று நெறிமுறைகளை வகுத்தது. சட்டமாக அது வர மேலும் பதினாறு ஆண்டுகள் ஆயின. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குத் தனிக் கதை உண்டு. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி துரத்திச் சீண்டப்பட்டு இறந்ததை அடுத்து இங்கே தனிச் சட்டமே வந்தது. அதன் பெயரில் இருந்தது "ஈவ் டீசிங்". 2002இல் அந்தப் பெயரை மாற்றி, பெண்ணைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம் என்று ஆக்கினார்கள். கேலி என்று பொருள்படும் சொல்லைத் தூக்கிவிட்டுத் துன்பம் என்று பொருள்படும் சொல்லை வைத்த அந்தத் திருத்தம் மிகச் சரியானது. ஆனால் இருபது ஆண்டுக்குமேல் ஆகியும் பேருந்து நிலையத்தில் ஈவ் டீசிங் என்றுதான் சொல்கிறோம்.

சரி, நம் சொற்களுக்கு வருவோம். "சில்மிஷம்" என்பது குறும்பு. குழந்தை செய்வதும் சில்மிஷம்தான். ஒரு பெண்ணின் உடலைத் தொட்டவனின் செயலுக்கு இந்தப் பெயரை ஒரு நாளும் வைக்கக் கூடாது. இதற்குமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

"சீண்டல்" அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாதது. சீண்டுவது என்றால் தொடுவது, தூண்டிவிடுவது. பாம்பைச் சீண்டாதே என்கிறோம். "பாலியல் சீண்டல்" என்று இதழ்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகின்றன. ஆனால் நம் ஊர்களில் சீண்டலுக்கு முறை சார்ந்த அனுமதி ஒன்று இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகன் என்று முறை உள்ளவர்கள் கிண்டல் செய்யலாம், பெண்ணும் திருப்பிக் கொடுக்கலாம். நடவு வயலில், திருவிழாவில், கல்யாண வீட்டில் பழகிய வழக்கம் அது. முறையே இல்லாத மேலாளரும் மேஸ்திரியும் அந்த அனுமதியைத் தங்களுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். "சும்மா கிண்டல் பண்ணுனேன், இதுக்குப் போயி புகாரா?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. கூலி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அப்படியொரு முறை கிடையாது. அவள் திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு வேலை இருக்காது.

"தொல்லை"தான் இன்று அதிகம் வழங்குவது. பழைய பாடல்களில் தொல்லை என்றால் பழமை. பிறகுதான் அது இடைஞ்சல், உபத்திரவம் என்ற பொருளுக்கு வந்தது. வயலில் எலித் தொல்லை என்கிறோம், வீட்டில் கொசுத் தொல்லை என்கிறோம். பொறுத்துக்கொள்ள வேண்டியது, மருந்து அடித்துச் சமாளிக்க வேண்டியது என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. "பாலியல் தொல்லை" என்று எழுதும்போது யாரோ ஒருவர் மனமறிந்து செய்த செயல், இயற்கை கொடுத்த இடைஞ்சல்போல் ஆகிவிடுகிறது.

"துன்புறுத்தல்" அப்படியல்ல. துன்புறு என்பது தன்வினை, துன்புறுத்து என்பது பிறவினை. வருந்து, வருத்து என்பதைப் போல. துன்புறுத்தல் என்று சொன்ன உடனேயே, யார் என்ற கேள்வி எழுந்துவிடும். செய்தவர் இல்லாமல் அந்த வினையே இல்லை. திருக்குறளின் 94ஆம் குறளில் "துன்புறூஉம்" என்று வருகிறது. பரிமேலழகர் அதற்குத் துன்பத்தை மிகுவிக்கும் என்றே உரை எழுதுகிறார். ஆகவே இது சட்டத்துக்காக நேற்று புதிதாகக் கட்டிய சொல் இல்லை.

மூலச் சொல்லின் பழம்பொருளை மட்டும் பார்த்தால் "அலைக்கழிப்பு" இன்னும் நெருக்கமாகத் தோன்றும். பாலியல் சாராத அலுவலக உபத்திரவத்துக்கு, விடுப்புக்கு நடையாய் நடக்க வைப்பது, காரணமில்லாமல் இடம் மாற்றுவது போன்றவற்றுக்கு, அது நல்ல சொல். ஆனால் அலைக்கழிப்பு என்றால் பலமுறை நடக்க வேண்டும். 2013 சட்டத்தின்படி ஒருமுறை நடந்தாலே போதும். ஆகவே பாலியல் துன்புறுத்தல்தான் இங்கே சரி.

இதோடு சேர்ந்து வரும் ஒரு சிறிய சொல் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. சட்டம் பாலியல் துன்புறுத்தலை விளக்கும்போது, அந்தப் பெண் வரவேற்காத தொடுகை, பேச்சு, கோரிக்கை, ஆபாசப் படம் காட்டுதல், இன்னபிற நடத்தை என்கிறது. அளவுகோல் அவளுடைய விருப்பம். தமிழில் பெரும்பாலும் இதை "விரும்பத்தகாத" என்று எழுதுகிறார்கள். விரும்பத்தகாத என்றால் யாருமே விரும்பத் தகுதியில்லாத என்று பொருள். விரும்பத்தகாத சம்பவம் என்று ஊர்க் கலவரத்தைச் சொல்வோமே, அதே சொல். இப்படி எழுதினால், பேசியது பொதுவாகத் தப்பான பேச்சா என்று புகாரை விசாரிக்கும் குழு விவாதிக்கத் தொடங்கிவிடும். "அழகா இருக்கேன்னு சொன்னது தப்பா?" என்று புகாருக்கு ஆளானவர் கேட்பார். "அந்தப் பெண் விரும்பாத" என்று எழுதிப் பாருங்கள். கேள்வி உடனே நேராகிவிடும்.

இந்தச் சட்டம் அலுவலகப் பெண்களுக்கு மட்டும்தான் என்ற நினைப்பு டெல்டாவில் பரவலாக இருக்கிறது. இங்கே பெண்ணின் வேலையிடம் என்றால் நாற்று நடும் வயல், செங்கல் சூளை, திருபுவனத்துத் தறிக்கூடம், நூறு நாள் வேலை என்று எல்லாரும் சொல்லும் ஏரி குளம் வெட்டும் இடம். நாற்றுப் பறிப்பது ஆண், நடுவது பெண் என்று வேலையே பாலினத்தால் பிரிந்து கிடந்த மண் இது. குனிந்த நடவுக்குக் கூலி குறைவு, வரப்பில் நின்று மேற்பார்வை பார்ப்பது ஆண். கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் நடந்த பண்ணைக் காலத்திலிருந்து, வரப்பில் நிற்பவரின் பேச்சையும் பார்வையையும் பொறுத்துக்கொள்வது கூலியின் ஒரு பகுதி போலவே இருந்துவந்தது. 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளின் கூலிக்கும் குத்தகைக்காரரின் பிடிமானத்துக்கும் வழி செய்தது. வரப்புப் பேச்சுக்குப் பெயர் கிடைக்க இன்னும் எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

2013 சட்டம் அமைப்புசாராத் துறையையும் வீட்டு வேலையையும் சேர்த்தே பேசுகிறது. பத்துப் பேருக்கு மேல் இல்லையென்றாலே வேலையிடத்திலேயே புகாரை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழு இருக்காது என்று கைவிட வேண்டாம். சரியான கணக்கு இதுதான்: பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைவான இடமாக இருந்தாலோ, முதலாளிமீதே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். புகாரைப் பெற்று ஏழு நாளுக்குள் அந்தக் குழுவிடம் சேர்க்க, ஒன்றியத்துக்கும் வட்டத்துக்கும் நகராட்சிக்கும் ஒரு பொறுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பணம் வாங்கிக்கொடுத்து முடித்துவைக்கும் பழக்கத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டால் மட்டுமே சமரசம் பேசலாம், அதுவும் பணத்தை அடிப்படையாக வைத்துப் பேசக் கூடாது.

ஆய்வுக்குக் கணக்கெடுக்கப் போகிறவர்களும் சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வுகள் பலவற்றை ஒன்றாகத் தொகுத்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. "உங்களுக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்ததா?" என்று நேராகக் கேட்டபோது ஆமாம் என்ற பெண்கள் 24 சதவீதம். இப்படிப் பேசினார்களா, இப்படித் தொட்டார்களா என்று செயல் செயலாகக் கேட்டபோது 58 சதவீதம். அங்கேயே இப்படி என்றால், "பாலியல்" என்ற சொல்லை உச்சரிக்கவே கூசும் நம் பெண்களிடம் நேர்க்கேள்வி எதையும் கொண்டுவராது. கேள்வித்தாளில் "தப்பாப் பேசுனாங்களா, வேணும்னே உரசுனாங்களா, ராத்திரி போன் பண்ணுனாங்களா" என்றே இருக்கட்டும். அறிக்கை எழுதும்போது துன்புறுத்தல் என்று எழுதுங்கள்.

ராத்திரி போன் என்றதும் இணையத்துக்கு வந்துவிடுகிறோம். வேலைக்கென்று வாங்கிய எண்ணுக்கு நள்ளிரவில் "தூங்கலையா?" என்று வருகிறது. கடன் செயலியில் நாலாயிரம் ஐயாயிரம் வாங்கிய பெண்ணின் முகத்தை வேறு உடலில் ஒட்டி உறவினர்களுக்கெல்லாம் அனுப்புவதாக மிரட்டுகிறார்கள். இவற்றுக்கு "இணையவழிப் பாலியல் துன்புறுத்தல்" என்ற பொதுப்பெயர் போதும். மார்ஃபிங் செய்வதைப் படத்திரிப்பு என்று சொல்லலாம். சிக்கல் "ஸ்டாக்கிங்" என்பதில்தான். அதைப் "பின்தொடர்தல்" என்கிறோம். ஆனால் சமூக வலைத்தளத்தில் ஒருவரை ஃபாலோ செய்வதும் பின்தொடர்தல்தான். "பின்தொடர்ந்தான் என்று புகார்" என்றால், அதிலென்ன குற்றம் என்று தோன்றாதா? இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் விடாமல் தொடர்பு கொள்வதையும், அவளுடைய இணையப் பயன்பாட்டை, மின்னஞ்சலைக் கண்காணிப்பதையும் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு மூன்று ஆண்டுவரை சிறை. அந்தக் கண்காணிப்பைச் சொல்ல நம்மிடம் "வேவு" இருக்கிறது. "வேவுபார்த்துத் துன்புறுத்தல்" என்று எழுதினால் குழப்பம் வராது.

இந்த இடத்தில் வீடும் குறுக்கே வரும். படம் வெளியானது தெரிந்தால் முதலில் பறிபோவது அவளுடைய போன், அடுத்தது வேலை. அண்ணனும் கணவனும் அதைப் பாதுகாப்பு என்றே நினைக்கிறார்கள். செய்தவன் கையில் போன் அப்படியே இருக்கிறது. இப்படி நடந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கோ, பெண்கள் உதவி எண் 181க்கோ அழைக்கலாம். செய்திகளையும் படங்களையும் அழித்துவிடாமல் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள், தேதியும் எண்ணும் தெரிய வேண்டும்.

பணியிடத்துப் புகாராக இருந்தால் மனு எழுதும் முறை இது. தலைப்பில் "பாலியல் துன்புறுத்தல் தொடர்பாக" என்று இருக்கட்டும். உள்ளே "தொல்லை கொடுத்தார்" என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்த நாள், எந்த இடம், என்ன சொன்னார், எங்கே தொட்டார், நான் வேண்டாம் என்று எப்படிக் காட்டினேன் என்று உங்கள் சொந்தப் பேச்சிலேயே எழுதுங்கள். எழுத முடியாதவருக்கு எழுதித் தர வேண்டியது குழுவின் கடமை. நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பலமுறை நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு மூன்று மாதம் கூட்டித் தரலாம். மனுவுக்கு ஆறு பிரதிகள் வேண்டும் என்கிறது விதி. சாட்சிகளின் பெயர், முகவரியையும் திரைப்பிடிப்புகளின் அச்சையும் அதோடு இணைத்துவிடுங்கள்.